பாலம் அசைகிறதா, பெட்டி பொய் சொல்கிறதா

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆற்றோரம் நிறுத்திய வேனுக்குள், மடியில் கணினியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திரையின் மூலையில் ஓர் எண் இருக்கிறது. அது அசைந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே எழுந்து ஓடிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். (இப்போது 12.41 மில்லிமீட்டர். அசையவில்லை.)

முதல் தொடக்கம்: ‘தாரல் ஆற்றின் மீது பனி இறங்கிய வேளையில்’. அடித்துவிட்டேன். இங்கே பனி இல்லை, ஈதான்.

இரண்டாவது: ‘உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்’. சே.

மூன்றாவது: நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில் எங்கள் பள்ளத்தாக்குப் பாலத்தில், தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே விரல் நீள உணரி ஒன்றை நான் பொருத்தினேன். தூண் விலகினால் எவ்வளவு என்று அது சொல்லும், பதிவுப் பெட்டி குறித்துக்கொள்ளும். ஒரே நாளில் அரை மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் கனரக வண்டி போகக் கூடாது. செவ்வாய்க்கிழமை அது இரண்டு மில்லிமீட்டர் மாறிவிட்டது என்றது. உடனே பால் டேங்கரை நிறுத்திவிட்டார்கள்.

அக்கரையில் கிளெனிஸ் ஓப்பியின் நூற்றெண்பது மாடுகள். சுற்றுப்பாதையைப் போன மாத வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவருடைய பால்தொட்டி இன்று சாயங்காலம் நிரம்பும். அதற்குமேல் கறப்பதை மண்ணில்தான் ஊற்ற வேண்டும். உணரியை நம்பலாமா, கூடாதா என்று நான் இன்று நான்கு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

2

மெர்வ் பிளங்கெட்டை இந்தக் கதைக்குள் விட எனக்கு விருப்பமே இல்லை. பாலத்தைப் பழுதுபார்க்கும் குழுவின் மேஸ்திரி. அவனை வெட்டிவிட்டு எழுதிப் பார்த்தேன், கதை நொண்டியது.

“என்ன மாப்ளே, உன் பொம்மைக்கு இன்னைக்கும் காய்ச்சலா?”

(அவன் சொன்னது வேறு சொல். இந்த ஊரில் நண்பனையும் விரோதியையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். ‘மாப்ளே’தான் பக்கத்தில் வருகிறது.)

“காலைல ஒன்பதரைக்கு ரெண்டு மில்லிமீட்டர் இறங்குது. பத்துக்குத் திரும்பி வந்துடுது. அப்ப ஏதாவது வண்டி போகுதா, மெர்வ்?”

“ஒன்பதரைக்கா? அப்ப இங்க ஒரு ஈ கூட வேலை பாக்காதுப்பா. ஸ்மோக்கோ!”

ஸ்மோக்கோ என்றால் காலைத் தேநீர் இடைவேளை. தூண் சாய்ந்தாலும் தேநீர் குடித்துவிட்டுத்தான் நிமிர்த்துவார்கள். அவன் விடையைக் கையில் கொடுத்தும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. காக்கட்டூக் கிளிகள் கேபிளைக் கடித்திருக்கும் என்று கேபிளை மாற்றினேன். சொருகும் இடத்தை மாற்றினேன். பெட்டியையே மாற்றினேன். செவ்வாயன்று இதற்கெல்லாம் முன்னால் நான் ஸ்பேனரை எடுத்து

[இந்த வாக்கியம் வேண்டாம். கதைக்குத் தேவையில்லை.]

3

இன்று வியாழக்கிழமை. காலை ஒன்பதரைக்குக் குழுவின் தகரக் கொட்டகையில் போய் நின்றேன். மெர்வ் ஒரு பிளக்கைச் சொருகினான். செவ்வாய்க்கிழமைதான் வாங்கிவந்த, வாளி அளவுள்ள வெந்நீர்க் கெட்டில் உறுமத் தொடங்கியது. என் கணினியில் எண் தடதடவென்று இறங்கியது.

“இந்த லைன்ல வேற எதையும் சொருகாதீங்கன்னு பலகை மாட்டியிருக்கேனே!”

“டூல்ஸ் எதையும் சொருகலையேப்பா. இது டீ.”

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இந்த ஊரில் தேநீர் ‘வேற எதையும்’ என்பதற்குள் வராது. ஒரே ஜெனரேட்டர், நீண்ட வயர். கெட்டில் இழுத்ததும் உணரிக்குப் போகும் மின்னழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீளம் குறைந்ததாகப் பெட்டி எண்ணிக்கொள்கிறது. பாலம் அசையவே இல்லை.

இங்கேயே முடித்திருக்கலாம். வாசகர் சிரிப்பார், மெர்வ் அசடு வழிவான், கிளெனிஸ் எனக்கு வெண்ணெய் கொண்டுவருவார். (12.41. இன்னும் அசையவில்லை.)

4

இன்று மதியம் லியான் ட்ரெவின் போனில் கூப்பிட்டார். பாலத்துக்குப் பொறுப்பான பொறியாளர். அவரைக் கடுகடுப்பானவராக எழுதினால் எனக்கு வசதி, ஆனால் அவர் தன்மையாகத்தான் பேசினார்.

“கெட்டில் விஷயம் கேட்டு ரொம்ப சிரிச்சேன். ஆனா கெட்டில் போட்ட பள்ளத்தை எல்லாம் எடுத்துட்டு வரைபடத்தைப் பாருங்க. செவ்வாய்க்கு முந்தின ஒன்பது நாள்ல கோடு மெல்ல ஏறியிருக்கு. புள்ளி ஆறு மில்லிமீட்டர். திரும்பி இறங்கவே இல்ல. கெட்டில் போட்டா ஏறுமா?”

“ஏறாது.”

“அப்ப தூண் நகருது. இல்லன்னா உங்க பிடிப்புத் திருகு தளர்ந்து உணரி வழுக்கியிருக்கு. ரெண்டுல எது? திருகு எப்படி இருந்துச்சு?”

“பாத்துச் சொல்றேன்.”

“நாலு மணிக்குள்ள சொல்லுங்க. தெரியலன்னா மூணு வாரம் மூடி வச்சுத்தான் அளக்கணும்.”

5

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வெட்டிய வாக்கியத்தை முடிக்கிறேன்.

செவ்வாயன்று நான் முதலில் செய்தது, ஸ்பேனரை எடுத்துத் திருகைக் கழற்றி, உணரியை நகர்த்தி, மறுபடி இறுக்கியது. கோபத்தில் செய்தேன். முன்பு எங்கே இருந்தது என்று ஒரு பென்சில் கோடுகூடப் போடவில்லை. திருகு ஏற்கெனவே தளர்ந்திருந்ததா, நான்தான் தளர்த்தினேனா? சத்தியமாக நினைவில்லை. வரைபடத்தில் அன்று ஒரு தாவல் இருக்கிறது. கேபிள் மாற்றியபோது வந்தது என்று லியானிடம் சொல்லிவைத்தேன்.

எண் இப்போது அசையாமல் நிற்கிறதே என்பீர்கள். டேங்கரே போகாத பாலம் ஏன் அசையப் போகிறது?

நான்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். ‘தளர்ந்திருந்தது’ என்று எழுதினால் தப்பு உணரியுடையது, பாலம் திறக்கும். ‘இறுக்கமாக இருந்தது’ என்று எழுதினால் மூடும். இரண்டையும் தட்டிப் பார்த்தேன். இரண்டுமே நிஜம் போலத்தான் தெரிகின்றன. பயமாக இருக்கிறது.

6

முடிவு அ: தளர்ந்திருந்தது. டேங்கர் போகிறது, வருகிறது. யாரும் எதையும் நினைக்கவில்லை.

முடிவு ஆ: தளர்ந்திருந்தது. டேங்கர் நடுப்பாலத்துக்கு வரும்போது

முடிவு இ: லியானிடம் உண்மையைச் சொல்கிறேன். மூன்று வாரம் பால் வயலுக்குப் போகிறது. கிளெனிஸ் இனி என்னை

கிளெனிஸே வந்துவிட்டார். பாலத்தை நடந்தே கடந்து வந்து, கேட்காமலே வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“மெர்வ் சொன்னான், எல்லாம் அந்தக் கெட்டில்தானாமே. அப்ப டேங்கரை வரச் சொல்லட்டுமா?”

“கொஞ்சம் இருங்க, கிளெனிஸ்.”

“நான் கெஞ்ச வரலப்பா. ஓட்டுறவன் எங்கக்கா பையன். பாலம் சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லு, பாலைக் கொட்டிட்டு அழுதுட்டுப் போறேன். சரின்னா சரின்னு சொல்லு. நீ சொன்னா நம்புவேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மணி மூன்று ஐம்பத்தாறு. தட்டிக்கொண்டே இருக்கிறேன், நிறுத்தினால் பேச வேண்டும். அவர் திரைப்பக்கம் சாய்கிறார்.

“இது உங்க பாஷையா? லியானுக்கு எழுதுற ரிப்போர்ட்டா?”

“இல்ல. கதை மாதிரி.”

“இதுல நான் இருக்கேனா? என் பேரு எங்க?”

விரலால் காட்டுகிறேன். அதிலிருந்து அவருடைய விரல் மெல்ல மேலே ஏறி, ஐந்தாம் பகுதியின் மேல் நிற்கிறது. ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது.

“இங்க என்ன போட்டிருக்கே? படிச்சுக் காட்டு.”

லியானின் அழைப்பு வந்துவிட்டது, போன் அடிக்கிறது. எதை வேண்டுமானாலும் படித்ததாக நான் சொல்லலாம், கிளெனிஸ் நம்புவார். அங்கே உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத் தவிர உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லுங்கள், என்ன படிக்கட்டும்?