கால் அங்குலம்

1

இந்தக் கதையை எழுதக் காரணம், என் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பொருளை நான் பதினோரு வருஷமாகப் பக்கவாட்டிலிருந்து மட்டுமே பார்த்துவருகிறேன் என்பதுதான். அது ஒரு பொம்மை ரயில் எஞ்சின். அரை முழ நீளம். பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்தது. வயிற்றுக்குள் அலாரக் கடிகாரத்தின் ஸ்பிரிங். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரியும், சக்கரங்கள் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது. அது என்னவென்று கதையிலேயே வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1946ஆம் ஆண்டு, திருத்தணி ரயில் நிலையத்தில் —" பத்திரிகைச் செய்தி போல இருந்தது. விட்டேன்.

பிறகு: "துரைக்கண்ணு மிகவும் நல்ல மனிதர். அவர் யாரையும் —" இதையும் விட்டேன். செத்துப்போனவர்களைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நல்லவர்தான். ஆனால் குளிக்க வெந்நீர் வைத்தால், அது ஆறும்வரை எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்.

அவர் மனைவியைக் கௌரியம்மாள் என்றே எழுதப்போகிறேன். அது என் பெயர்தான். யாரோ ஒருத்தி என்று வைத்துக்கொண்டால் பேனா நகர்கிறது.

2

துரைக்கண்ணு அரக்கோணம் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திருத்தணி திரும்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், கௌரியம்மாளையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். சினிமாவுக்குப் போகிறோம் என்று நினைத்து அவள் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் அவள் கையில் அளவு நாடாவின் ஒரு முனையைக் கொடுத்து, தண்டவாளத்தில் வைத்து அழுத்தச் சொன்னார்.

போர்ட்டர் எல்லப்பன் பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"இன்னா துரை, தண்டவாளத்துக்கு சட்டை தெக்கிறியா?"

"ஆங். மீந்த துணியில உனுக்கு ஒரு டவுசர்."

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அறுபத்தாறு அங்குலம். துரைக்கண்ணு தரையில் விரலால் கணக்குப் போட்டார். "நாப்பத்து நாலுல ஒரு பங்கு. சரியா ஒண்ணரை அங்குலம். எப்டி வுழுந்துச்சி பாத்தியாமே." பொண்ணு பார்க்க வந்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த ஒன்றரை அங்குலத்தில் வீட்டில் தண்டவாளம் போட்டார். இருந்ததே ஓர் அறை. பலகைமேல் பாதை அலமாரியடியில் புறப்பட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வளைந்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வரும். மலை செய்வது கௌரியம்மாள் வேலை. கூடைக்குக் காகிதம் ஊறவைத்து வெந்தயத்தோடு அரைப்பதுபோல அரைத்து, சட்டிமேல் அப்பிக் காயவைத்தாள். திருத்தணிக் கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கு இடமில்லை. ஐந்துக்கு ஒன்று என்று எழுபத்து மூன்று படி கீறினாள்.

"நாப்பத்து நாலுல ஒரு பங்குன்னா, மலை கூரையப் பொத்துகினு மேல போவணும்மே. இது இன்னா, கொழுக்கட்ட மாதிரி."

"முருகன் பொறுத்துக்குவாரு. நீங்க வண்டிய வுடுங்க."

(இந்த இடத்தில் காதல் என்று ஒரு சொல் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டதில்லை. சாவி கொடுத்ததும் அவள் பச்சைத் துணியை ஆட்டுவாள், அவர் வண்டியை விடுவார். அவ்வளவுதான்.)

ஒரு சாவிக்கு நாலு சுற்று. நாலாவது சுற்று எப்போதும் கட்டிலுக்கு அடியில் போய் முடியும். கௌரியம்மாள் துடைப்பத்தால் எஞ்சினை இழுத்து எடுப்பாள். மரியாதை இல்லாமல் இழுக்கிறாள் என்று அவர் கோபித்துக்கொள்வார்.

3

நாடு சுதந்திரம் அடைந்த வருஷம், அரக்கோணத்து ரயில்வேக்காரர்கள் சீட்டாடும் கிளப்பில் ஒரு விசித்திரம் நடந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் பொம்மை எஞ்சின்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தைக் கிளப்புக்கே விட்டுவிட்டுப் போனார். நாற்பதடிச் சுற்று. ஒரு குகை, இரண்டு கைகாட்டி. ஓட்டத்தான் எஞ்சின் இல்லை.

ஷெட்டில் கூட வேலை பார்த்த மெக்கானிக் ஜலால்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். "அண்ணே, ரோடு ரெடியா கீது. வண்டி உங்குளுது. நாங்க ஆறு பேரு கைகட்டிகினு ஒக்காந்துகினு கீறோம்."

துரைக்கண்ணு எஞ்சினைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப்போனார். கிளப்பில் இறக்கிவைத்தார். சக்கரங்கள் தண்டவாளத்தில் உட்காரவில்லை. அகலக் கால் வைத்து வாய்க்காலைத் தாண்டுகிறவன்போல இரண்டு பக்கமும் இறங்கி நின்றது எஞ்சின். கிளப் தண்டவாளம் ஒன்றேகால் அங்குலம்.

"துரை, உன் வண்டி நல்லா களி துன்னு வளந்துகீது," என்றார் குமாஸ்தா கங்காதரன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜலால் மட்டும் சிரிக்கவில்லை. "அவுங்க ஊரு நெஜ ரயிலே நம்முளுத விட ஒல்லியாம் அண்ணே. பொம்மையும் ஒல்லியாத்தான இருக்கும். நீங்க நம்மூர அளந்துட்டீங்க."

தப்பாக அளந்திருந்தால் ஒப்புக்கொண்டு திருத்திவிடுவார் துரைக்கண்ணு. சரியாக அளந்ததால் வந்த தப்பு இது. அதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

4

இனி மெதுவாக எழுதவேண்டும்.

வழி ஒன்று இருந்தது. அச்சையும், ஸ்பிரிங்கைத் தாங்கும் தகட்டையும் அறுத்துக் கால் அங்குலம் எடுத்துவிட்டால் எஞ்சின் கிளப்பில் ஓடும். ஆனால் தகட்டை வெட்டினால் வெட்டியதுதான். பிறகு வீட்டுத் தண்டவாளத்தில் அது நிற்காது. இன்னொன்று செய்ய இன்னொரு ஸ்பிரிங் கிடைக்காது; முதலாவது கிடைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று.

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. துரைக்கண்ணு பையில் எஞ்சினை வைத்தார். மேலே அரத்தையும் ரம்பத்தையும் வைத்தார். வாசற்படியில் நின்றார்.

"ஊட்ல அது ஓடல கௌரி. சுத்துது."

"அங்கியும் வட்டந்தான?"

"பெரிய வட்டம்மே. ஆறு பேரு பாப்பாங்க." பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "அறுத்துடட்டா?"

"உங்க இஷ்டம்," என்றாள் கௌரியம்மாள்.

(கல்யாணம் ஆனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். ஆனால் அதைக் கேட்கிறவர் கண்டுபிடிக்கவேண்டும். பதினாலு வருஷத்தில் அவர் பாதி தடவை கண்டுபிடித்திருக்கிறார்.)

சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வந்தார். கிளப்பிலேயே காய்ச்சல் வந்துவிட்டதாம். ஜலால் வண்டியேற்றி விட்டிருக்கிறார். எஞ்சின் கிளப்பிலேயே தங்கிவிட்டது. என்ன ஆயிற்று என்று கௌரியம்மாள் கேட்கவில்லை. கேட்டால், உங்க இஷ்டம் என்று சொன்னதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். அவராகச் சொல்லட்டும் என்றிருந்தாள். உடம்பு தேறினால் சொல்வார். மூன்று வாரம். உடம்பு —

5

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஜலால் வந்தார். எஞ்சினைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அண்ணி, அன்னிக்கி கிளப்புல அண்ணன்—"

"இருங்க, மோர் எட்தாறேன்," என்று நான் எழுந்துவிட்டேன்.

(நான் என்று வந்துவிட்டது. இருக்கட்டும்.)

மோர் குடித்தார். மறுபடி தொடங்கவில்லை. எஞ்சினை அலமாரியில் அவர்தான் வைத்தார், பக்கவாட்டாக. அப்படியே இருக்கிறது. பலகையும் தண்டவாளமும் கட்டிலடியில் இருக்கின்றன. மலையில் பன்னிரண்டு படி உதிர்ந்துவிட்டது.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவர் அறுக்கவில்லை. 'வேண்டாம்' என்பது காதில் விழுந்துவிட்டது. ஆறு பேருக்கு நடுவில், ரம்பத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். நன்றாகக் கழிந்திருக்க வேண்டிய கடைசி ஞாயிற்றுக்கிழமையை நான் இரண்டு சொல்லால் பிடுங்கிக்கொண்டேன்.

அறுத்துவிட்டார். எஞ்சின் குகைக்குள் புகுந்து வெளியே வந்தது. கங்காதரன் எழுந்து நின்றார். துரைக்கண்ணு சிரித்தார், தரையில் கணக்குப் போட்ட அன்றைக்குப் போல. அந்தச் சிரிப்பில் நான் இல்லை. வீட்டில் இனி ஓடாது.

மூன்றாவது ஒன்றும் எழுதினேன். ஆறு பேரும் சட்டையைக் கழற்றிவைத்து, நாற்பதடித் தண்டவாளத்தின் ஆணிகளைப் பிடுங்கி, நம்ம ஊர் அகலத்துக்குத் தள்ளி அடித்தார்கள். இது கதைக்காரியின் பேராசை. என்றாலும் கிழிக்க மனமில்லை.

முதலாவதில் அவர் என்னுடையவர். இரண்டாவதில் சந்தோஷமாக இருந்தவர். எது நடந்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எதிரே போய் நின்று சக்கரங்களுக்கு நடுவே பார்ப்பதில்லை.

7

நேற்று ஒன்று செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினை எடுத்தேன். சாவி கொடுத்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகும் ஸ்பிரிங் இழுத்தது. தரையில் வைக்காமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சக்கரங்கள் சுற்றின. ஒன்றேகாலா ஒன்றரையா என்ற கேள்வி கையில் இருக்கும்வரை வராது. நாலு சுற்றுக்கு ஆகும் நேரம் ஓடி, கட்டிலடியில் நிற்கிற அதே மாதிரி, மெல்ல நின்றது. துடைப்பம் தேவைப்படவில்லை.

ஜலால் அரக்கோணத்தில்தான் இருக்கிறார். தண்டவாளம் கட்டிலடியில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், எஞ்சினை நீங்களே இறக்கிவைத்துப் பாருங்கள். பச்சைத் துணி ஆணியில் மாட்டியிருக்கிறது, ஆட்டியபின் விடுங்கள்.

நான் அப்போது மோர் எடுக்கப் போயிருப்பேன்.