கரப்பந்துத் திடலுக்கு வைத்த பெயர்

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், சபையிடம் ஒரு வேலையை வாங்க முடியாது என்று சரவணையில் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் எல்லாரும் அந்த வருடம் வாயை மூட வேண்டியதாயிற்று. புதிதாகத் தெரிவான பிரதேச சபை விளையாட்டுக் கழகத்து வளவை உண்மையாகவே திருத்தத் தொடங்கியது. நெருஞ்சியும் நாயுண்ணியும் மண்டிக் கிடந்த காணியில் முதலில் மண் வாரும் பெக்கோ இயந்திரம் ஒன்று வந்து நின்றது. பிறகு ஊஞ்சல் வந்தது, சறுக்கு வந்தது, பனைகளுக்குக் கீழே ஆட்கள் இருக்கச் சீமெந்து வாங்குகள் வந்தன, நீரிழிவு வருத்தக்காரர் நடக்கச் சுற்றிவர ஒரு நடைபாதையும் வந்தது. கரப்பந்துத் திடலின் நாலு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டபோது, குறை சொல்லியே பழகிய வாய்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கம்பம் கொஞ்சம் சரிவு என்று சொல்லி ஆறிக்கொண்டன.

மனோகரிக்கு அதில் தனிச் சந்தோசம். அவள் முன்பள்ளி ரீச்சர். பதினான்கு பிள்ளைகளை ஒரு விறாந்தைக்குள் அடைத்து வைத்து விளையாட்டுக் காட்டிக் களைத்தவள், சபைக்கு மூன்று தடவை கடிதம் எழுதியவள். வேலை நடக்கும்போது பின்னேரங்களில் போய் நின்று, ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துப் பார்த்து, "பிள்ளையளின்ர விரல் நசியாதோ தம்பி?" என்று கேட்டுக் கேட்டே அதற்கு இறப்பர் குழாய் போட வைத்தவளும் அவள்தான்.

மார்கழி நடுவில் கழகச் செயலாளர் தேனுஜன் அவள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். இருபத்தாறு வயது. ஊரில் ஒரு மதில் இடிந்தாலும் முதலில் ஓடிப்போய் நிற்கிற பெடியன்.

"ரீச்சர், கமிற்றி கூடினது. கரப்பந்துத் திடலுக்கு நிசாந்தன் அண்ணையின்ர பேரை வைக்கிறதெண்டு எல்லாரும் ஒரே முடிவு. சபையும் ஓம் எண்டிட்டுது. உங்களிட்ட ஒரு சொல்லுக் கேக்கவேணுமெல்லோ, அதுதான் வந்தனான்."

மனோகரி குசினிக்குள் போய் நின்று அழுதாள். அது துக்கத்தில் வந்த அழுகை அல்ல. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அவள் கேட்காமல், வேறொருவர் வாயில் அந்தப் பெயர் தானாக வந்திருந்தது.

நிசாந்தன் அவளுடைய புருஷன். அந்தக் காலத்தில் அவன்தான் கழகச் செயலாளர். இரண்டாயிரத்தேழாம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு காலை, கழகத்துக்குப் புது வலை வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் யாழ்ப்பாணம் வெளிக்கிட்டான். பண்ணைப் பாலத்தில் அவன் போனதைக் கண்டவர்கள் உண்டு. வலையை விற்றேன் என்று சொன்ன கடைக்காரரும் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர் ஒருவருமில்லை. கண்டிருந்தாலும் கண்டேன் என்று சொல்லக்கூடிய காலம் அது இல்லை. மகள் பிரியவதனிக்கு அப்போது நாலு மாதம்.

அவள் ஏறாத கந்தோர் இல்லை, எழுதாத மனு இல்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று புத்தி சொன்ன அதிகாரியிடம், "ஆளைக் காட்டுங்கோ, பத்திரம் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தவள். தமையன் கனடாவுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. அந்த மனிசனுக்குத் தெரிந்தது இந்தப் படலை ஒன்றுதான், வேறு எங்கே வந்து தேடுவார்? அவருக்குத் தெரிந்த பழைய தொலைபேசி இலக்கம் செயலிழந்து போகக்கூடாது என்று அதையும் மாதம் தவறாமல் உயிரோடு வைத்திருந்தாள். நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலிக்கொடியும் அப்படியே இருந்தன.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. கலியாண வீடென்றால் ஆராத்தி எடுக்கவும், புது வீட்டுக் குடிபூரல் என்றால் பால் காய்ச்சவும் அவளைக் கூப்பிட்டார்கள். அனேகமாகக் கூப்பிட வருபவள் நிசாந்தனின் தமக்கை சறோஜினிதேவி. "நீ வராமல் என்னடி? வெளிக்கிடு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

ஆகவே தேனுஜன் கேட்டதற்கு மனோகரி ஓம் என்றாள். தாயும் மகளும் அலுமாரியைக் கிளறி, கழக உடுப்போடு சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பிரியவதனி அந்த மாதம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் வேறு கதையே கதைக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு திறப்பு விழா. சனிக்கிழமை காலை பெயர்க்கல் வந்தது. கறுப்புக் கல், பொன் எழுத்து. பெடியள் அதைத் திடல் வாசலில் சீமெந்து வைத்துப் பொருத்திவிட்டு, தாயையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"அமரர் கந்தையா நிசாந்தன் ஞாபகார்த்தக் கரப்பந்தாட்டத் திடல்."

இதைப் பெடியளின் பிழை என்று சொல்லவும் ஏலாது. தீவு முழுக்கச் சுற்றிப் பாருங்கள்: பஸ் தரிப்பிடம், தண்ணீர்த் தாங்கி, வாசிகசாலைக் கதிரை, சுடலை மண்டபம், எல்லாவற்றிலும் யாரோ ஒரு அமரர் இருப்பார். உயிரோடு இருக்கிறவன் பெயரில் எங்களுக்கு ஒரு கொட்டில்கூடக் கிடையாது. பெயர்க்கல் என்றால் அந்தச் சொல்லோடுதான் தொடங்கும் என்று அந்தப் பெடியள் பிறந்ததிலிருந்து கண்டு வளர்ந்தவர்கள். நல்லது செய்யப்போனவர்கள், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மனோகரி கல்லைப் பார்த்தபடி நின்றாள்.

"என்ன ரீச்சர், எழுத்துப் பிழையோ?" தேனுஜன் பயந்துபோய்க் கேட்டான். "நாலு பேர் பாத்தவங்கள்."

"முதல் சொல்லை எடும் தம்பி."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவனுடைய முகம் செத்துப்போயிற்று. உடனே சபை உறுப்பினர் செல்வரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தான்.

செல்வரத்தினம் நிசாந்தனோடு ஒன்றாக நின்று விளையாடியவர். இந்தப் பெயரைச் சபையில் முன்மொழிந்தவரும் அவர்தான். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, கல்லைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கதைத்தார்.

"மனோகரி, கோவியாமல் கேளும். உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரை வைக்கேலாதெண்டு சபையில ஒரு ஒழுங்கு இருக்கு. தீர்மானத்திலயும் இந்தச் சொல்லோடதான் எழுதினது. இதை எடுத்தால் பேரையும் எடுக்கவேணும். உமக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லும், நாளைக்குச் சும்மா திடல் எண்டே திறப்பம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"அண்ணை, நீங்கள் என்ன நினைக்கிறியள்? அவர் செத்திட்டார் எண்டோ?"

செல்வரத்தினம் விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். "நான் ஒண்டும் நினைக்கேல்லைத் தங்கச்சி" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிசன். மனோகரி திரும்பிப் பெடியளைப் பார்த்தாள். ஒவ்வொருவனும் நிலத்தைப் பார்த்தான். பதினெட்டு வருடமாக ஊர் அவளுக்கு முன்னால் மூடி வைத்திருந்தது வாயைத்தானே தவிர, மனதை அல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆராத்தித் தட்டை நீட்டிய கைகள் எல்லாம் பாவம் பார்த்து நீட்டிய கைகள். 

"பேரை எடுங்கோ" என்றாள். "பின்னேரத்துக்குள்ள எடுங்கோ."

 வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தியதும் பிரியவதனி அதில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"எடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அம்மா."

"அதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனியோ?"

"வாசிச்சனான். அப்பாவின்ர பேர் எழுதியிருக்கு." பிள்ளை தாயை மறித்துக்கொண்டு சொன்னாள். "என்னோட படிக்கிற அஞ்சலாவின்ர அப்பா கடலில மோசம்போனவர். கார்த்திகையில அவள் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவள், கல்லறையில கை வைச்சு அழுவள். நான் எங்க போறது? எனக்கு ஒரு திவசம் இல்லை, ஒரு நாள் இல்லை, ஒரு கல் இல்லை. நீங்கள் காத்திருக்கிறியள், உங்களுக்கு அவரைத் தெரியும். நான் ஆரையெண்டு காத்திருக்கிறது?"

மனோகரிக்கு மறுமொழி இருந்தது. இவ்வளவு காலமும் எத்தனையோ அதிகாரிக்குச் சொன்ன மறுமொழி அது. அதை அவள் தொடங்கமுன் மகள் சொன்னாள்.

"செத்தவர் எண்டு எழுதியிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஒரு அப்பா வேணும் அம்மா."

பெற்ற மனம் பித்து. பதினெட்டு வருடம் எந்தக் கந்தோருக்கும் குனியாதவள், பொழுது படமுன் தேனுஜனுக்குத் தொலைபேசி எடுத்து, "இருக்கட்டும் தம்பி" என்று சொன்னாள். அவன் எதையோ கேட்கத் தொடங்கினான். அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை நாதசுரம் பிடித்து, விருந்தாளிகளுக்கு மாலை போட்டு, எல்லாம் முறைப்படி நடந்தது. தவிசாளர் நாடா வெட்டினார், கல்லின் திரையை இழுத்தார். ஒலிவாங்கியில் தேனுஜன் கல்லில் இருந்ததை முழுக்க வாசித்தான். முதல் சொல்லில் அவனுடைய குரல் இறங்கியது. சனம் கை தட்டியது. முன்வரிசையில் சறோஜினிதேவி தம்பியின் பெயரைப் பார்த்து, சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது மங்கள விளக்கு. தவிசாளர், செல்வரத்தினம், பாடசாலை அதிபர் என்று ஒவ்வொருவராகத் திரி ஏற்றினார்கள். பட்டியல் போன மாதம் எழுதியது. தேனுஜன் அதை அப்படியே பார்த்து வாசித்தான்.

"அடுத்து, முன்பள்ளி ஆசிரியை திருமதி மனோகரி நிசாந்தன் அவர்கள்."

மனோகரி எழும்பிப் போனாள். அதிபர் நீட்டிய மெழுகுதிரியை வாங்கக் கை நீட்டினாள். அந்தக் கையை வேறொரு கை பிடித்தது. சறோஜினிதேவி.

"வேண்டாம் மனோ." கிட்ட வந்து, காதுக்குள், அழுதுகொண்டுதான் சொன்னாள். "இண்டைக்கு நீ வேண்டாமடி. பிள்ளையள் விளையாடுற இடம்."

சறோஜினிதேவி கெட்டவள் அல்ல. கெட்டவள் என்றால் மனோகரி கையை உதறிவிட்டு ஏற்றியிருப்பாள். பதினெட்டு வருடம் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் கையைப் பிடித்து இழுத்துப் போனவள்தான் இப்போது அதே கையை விளக்கிலிருந்து விலக்கினாள். மெழுகுதிரி அதிபரின் மனைவியின் கைக்குப் போயிற்று. தேனுஜன் பதறிப்போய் அடுத்த பெயரை வாசித்தான்.

விளக்கு முடிந்ததும் அவளை மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வேறு பெயரில்.

"அமரரின் திருவுருவப் படத்துக்கு அவரின் துணைவியார் மாலை அணிவிப்பார்."

அவள் போனாள். கழக உடுப்பில் சிரித்துக்கொண்டு நின்ற முப்பத்தொரு வயதுக்காரனுக்கு மாலையைப் போட்டாள். அவளுக்கும் படத்துக்கும் இப்போது தாய்க்கும் மகனுக்கும் இருக்கிற வயது வித்தியாசம்போல் இருந்தது. உதடு அசைந்ததை எல்லாரும் கண்டார்கள், பிரார்த்திக்கிறாள் என்று நினைத்தார்கள்.

"இஞ்சாருங்கோ, கோவியாதேங்கோ" என்று அவள் சொன்னாள். "பிள்ளை கேட்டவள். அதுதான் சாகக் குடுத்தனான்."

பேச்சுகள் தொடங்கின. முன்பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையும் கேளாமல் ஊஞ்சலில் ஏறிவிட்டார்கள். மனோகரி பனைக்குக் கீழே கடைசி வாங்கில் போய் இருந்தாள். பிரியவதனி சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து காலடியில் குந்தினாள். விளக்கடியில் நடந்ததை அவள் கண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குத் தெரியாது அம்மா. உங்களை இப்பிடிச் செய்வினம் எண்டு எனக்குத் தெரியாது. கல்லைக் கிளப்பச் சொல்லட்டோ? இப்பவே போய்ச் சொல்லுறன்."

மனோகரி மகளின் தலையைத் தடவினாள்.

"கல்லைக் கிளப்பலாம் பிள்ளை. வாசிச்ச சனத்தை என்ன செய்யிறது?"

மகள் அவளுடைய மடியில் முகத்தை வைத்து விம்மினாள். கழகத்துப் பெடியள் வலைக்கு இரண்டு பக்கமும் இறங்கி நின்றார்கள். முதல் பந்து எழும்பியபோது மனோகரி சேலையை உதறிக்கொண்டு எழும்பினாள்.

"வா," என்றாள். "வீட்டை போய்த் தலை முழுகவேணும்."