தொழில் தொடங்கிய தேதி

"பதிவு நம்பர் இல்லாத பில்லைக் குப்பைத்தொட்டிகூட வாங்காதுப்பா" என்று குடிநீர் ஒப்பந்தக்காரரின் மேனேஜர் சொன்னபோது சின்னவனுக்குச் சுருக்கென்றது. பதினாறு பம்பு மோட்டார்கள். வருஷம் முழுக்கக் கைக்கு வேலை. "ஒரு மாசம் டைம் தர்றேன். விற்பனை வரிப் பதிவு எடுத்துட்டு வா. இல்லைன்னா வேற கடையைப் பாத்துக்கறேன்" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

முப்பத்தைந்து வயதாகியும் தெருவுக்கு அவன் சின்னவன்தான். பெரியவன் இருந்தால்தானே சின்னவன்? அண்ணன் செத்து ஏழு மாதமாகியும் பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கடை, பெரியவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவி எறிந்து, புதுச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். கடை நடந்த அறை அண்ணியின் பெயரில் இருந்தது. அவள் நகையை விற்று வாங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இரண்டு பெண் குழந்தைகளும் குடியிருந்தார்கள். சின்னவனுக்கும் அங்கேதான் சாப்பாடு.

பெரியவன் செத்தது அட்டைப்பெட்டி ஆலையில். காயில் கட்டிக் கொடுத்த மோட்டாரை மாட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கை உள்ளே இருக்கும்போது எவனோ மெயினைப் போட்டுவிட்டான். ஆலைக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை, அந்த ஆள் மெக்கானிக்கே இல்லை, காவலாளியைப் பார்க்க வந்த இடத்தில் சும்மா இருக்காமல் கையை விட்டான் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. நஷ்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெரியவன் மெக்கானிக்தான், ஒன்பது வருஷம் கடை நடத்தினவன்தான் என்று நிரூபித்துவிட்டால் பிள்ளைகள் இரண்டும் கரையேறிவிடும். ஆனால் அந்த மகராசன் ஜென்மத்தில் ஒரு பில் போட்டதில்லை. கூலியைச் சாக்பீசால் மோட்டார் மேலேயே எழுதி அனுப்புவான். துணியால் துடைத்தால் போச்சு.

அண்ணி சளைக்கவில்லை. பழைய வாடிக்கைக்காரர்களின் வீடு வீடாக ஏறி இறங்கி, நான்கு பேரைச் சாட்சி சொல்லச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

வரி ஆலோசகரின் அறை இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கோப்புகள். அதில் ஒரு தட்டு முழுவதும் அட்டைப்பெட்டி ஆலையின் பெயர். சின்னவன் அதைப் பார்த்தான். பெரிய இடத்துக் கணக்கெல்லாம் பார்க்கிற மனுஷன், நம்ம வேலையும் சுத்தமாக முடியும் என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு இருந்த சமர்த்து அவ்வளவுதான்.

"தொழில் ஆரம்பிச்சது எப்ப?"

"ஒம்பது வருஷம் ஆச்சு சார்" என்றான் சின்னவன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒம்பது வருஷம்னு எழுதினா ஒம்பது வருஷத்துக் கணக்கைக் கேப்பாங்க. வச்சிருக்கியா?"

"இல்லை சார்."

"அப்ப அபராதம் கட்டியே ஆண்டியாயிடுவே. பேசாம இன்னிக்குத் தேதியைப் போடு. இடம் யார் பேர்ல?"

"அண்ணி பேர்ல."

"அவங்ககிட்ட ஒரு உறுதிமொழி வாங்கிட்டு வந்துடு. இந்த இடத்துல இதுக்கு முன்னாடி எந்தத் தொழிலும் நடக்கலைன்னு. நானே டைப் அடிச்சுத் தர்றேன்."

"சார், எங்கண்ணன் கேஸ் ஒண்ணு கோர்ட்டுல..."

"அது கோர்ட்டு, இது வரி ஆபீஸ். இந்தக் காகிதம் என்ன, அங்க நடந்தா போகப்போகுது?"

வழி நெடுக, அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். போனபோது அவள் தரையில் உட்கார்ந்து ஆலை வக்கீலின் நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தாள். வரி விடாமல் படித்து, தப்பான இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அப்படிப்பட்டவள், அவன் நீட்டின காகிதத்தை மட்டும் படிக்கவில்லை.

"எங்க போடணும் தம்பி?"

"இங்க அண்ணி. வரி ஆபீஸுக்கு. இடம் உங்க பேர்ல இருக்கே, அதான்."

அவன் விரல் வைத்த இடத்தில் போட்டாள். போட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போ, ஆறிடப்போகுது" என்றாள். சொன்னால் படிப்பாள், படித்தால் போடமாட்டாள், போடாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் எங்கிருந்து வரும் என்று அவன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டான். நியாயம் சரியாகத்தான் இருந்தது, சாப்பாடுதான் இறங்கவில்லை.

பதிவு மூன்றாம் வாரம் வந்தது. நம்பரைப் பலகையில் எழுதி மாட்டினான். மோட்டார்களும் வந்து இறங்கின. சின்னப் பெண் அந்த நம்பரை மனப்பாடம் செய்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒப்பித்தாள்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று நான்கு சாட்சிகளும் வார்த்தை தவறாமல் வந்து சொன்னார்கள். சலவைக் கடைக்காரர், "என் மோட்டாரை மூணு தடவை கட்டிக் குடுத்த கைங்க அது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணியின் முகத்தில் இத்தனை மாதத்துக்கு அப்புறம் கொஞ்சம் ரத்தம் ஓடியது. அதற்குப் பிறகு ஆலை வக்கீல் எழுந்து, கோப்பிலிருந்து ஒரே ஒரு காகிதத்தை எடுத்தார். நடந்தா போகும் என்று கேட்டாரே ஆலோசகர், அந்தக் காகிதம் நடந்து வந்திருந்தது.

"இது உங்க கையெழுத்துதானாம்மா?"

அண்ணி வாங்கி, அப்போதுதான் அதைப் படித்தாள். "எனக்குச் சொந்தமான மேற்படி அறையில் இன்றைய தேதிக்கு முன்னர் எவ்விதத் தொழிலும் நடைபெற்றதில்லை என உறுதி கூறுகிறேன்." உதடு மட்டும் அசைந்தது.

"என் கையெழுத்துதான்."

அவளுடைய வக்கீல் பதறி எழுந்தார். "ஐயா, படிக்காமப் போட்டிருப்பாங்க. யாரோ ஏமாத்தி வாங்கியிருக்காங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியாம்மா? பயப்படாமச் சொல்லுங்க. பொய்யா எழுதி வாங்கினவங்க யாரா இருந்தாலும் உள்ள போவாங்க, அந்தப் பதிவும் ரத்தாகும். நீங்க இதைப் படிச்சுப் பாத்தீங்களா இல்லையா?"

சின்னவன் எழுந்து, நான்தான் ஐயா வாங்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டான். முழங்கால் என்ன செய்யும், பாவம்.

அண்ணி ஒரு தடவை அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"படிச்சுப் பாத்துதான் போட்டேன்" என்றாள்.

அப்புறம் சாட்சி நான்கு இருந்தால் என்ன, நாற்பது இருந்தால் என்ன? சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. சலவைக் கடைக்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

வெளியே படிக்கட்டில் சின்னவன் அவள் காலில் விழாத குறையாக நின்றான். "அண்ணி, நான்..."

"பேசாதே" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "போய்க் கடையைத் திற. மோட்டார் பதினாறும் அப்படியே கிடக்கு. உன்னையும் உள்ள வச்சுட்டா என் பிள்ளைங்க எதைத் தின்னும்?"

அவன் போய்க் கடையைத் திறந்தான். வீட்டில் எதுவும் மாறவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, தம்பி என்றுதான் கூப்பிட்டாள்.

அடுத்த மாதம் மின்சார மீட்டரை மாற்றுவதற்கு ஒரு விண்ணப்பம். இடத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சின்னவன் கொண்டுவந்து நீட்டி, பழக்கதோஷத்தில் விரலை வைத்து, "இங்க அண்ணி" என்றான். அவள் அதை வாங்கிக்கொண்டு வெளிச்சம் விழுகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். முதல் எழுத்திலிருந்து படித்தாள். ஒவ்வொரு வரியாக, அடியில் அச்சிட்டிருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும். அவன் நின்றுகொண்டே இருந்தான். படித்து முடித்ததும் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டாள்.