இடி எண்ணிய நான்கு

மூன்றாவதாகப் பாட இவர்கள் குழுவின் முறை. பாடகனுடைய தங்கையின் வீட்டுக் கூடத்தில் சோஃபாக்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. வெறும் கிட்டார், வெறும் தொண்டை. தெரிந்த குழுக்களையெல்லாம் தன் பிறந்தநாளுக்கு இப்படி வீட்டில் பாடக் கூப்பிட்டிருந்தவன் தங்கையின் கணவன். இந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். எல்லோருக்கும் அவன் 'இடி'. வேன் லாரியில் மோதி அவன் போய் ஆறு வாரமாகிறது. "அவர் கூப்பிட்டது கூப்பிட்டதாவே இருக்கட்டும்" என்று தங்கை சொல்லிவிட்டாள்.

விபத்தன்று இடி ஓட்ட, வேனின் பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கியவன் பாடகன்தான். ஆஸ்பத்திரி வாசலில் தங்கை சட்டையைப் பிடித்து உலுக்கியபோது வாயில் வந்ததைச் சொன்னான்: "நான் ஓட்டுறேன்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே? சாவியைப் பிடுங்கிக்கிட்டான்."

அண்ணன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். அன்றிலிருந்து செத்தவனோடு ஓயாத சண்டை. "அப்படி என்ன வீம்பு அந்த மனுஷனுக்கு?" என்று அவன் படத்தைக்கூடச் சுவரில் மாட்டவில்லை. அதையும் பார்த்துக்கொண்டு அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கோழை!

பாட்டைத் தொடங்க வரவில்லை. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. எட்டு வருஷமாக இடி குச்சியைத் தட்டி நாலு எண்ணினால்தான் இவர்கள் கை எழும். மிச்சமிருந்த மூன்று பேரும் பழக்கதோஷத்தில் காலி மூலையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ விசும்பினார்கள்.

"இருங்க, அவன் எண்ணினதே என்கிட்ட இருக்கு" என்றான் பேஸ் கிட்டார் வாசிக்கும் குண்டூசி. ஒத்திகைகளையெல்லாம் போனில் பிடித்து வைப்பவன். விபத்தன்று நடந்த கடைசி ஒத்திகையில் போனை ஓடவிட்டுச் சாமான் எடுக்கக் கீழே போயிருந்தான். மேலே இருந்தது இடியும் பாடகனும் மட்டும். போன் ஓடியது பாடகனுக்குத் தெரியாது. குண்டூசியும் அதை இதுவரை போட்டுக் கேட்டதில்லை.

குண்டூசி போனை ஸ்டூலில் வைத்து அழுத்தினான்.

"மச்சான், திரும்பும்போது நீ ஓட்டுறியா? ராத்திரி பூரா தூங்கல. கண்ணு சொருகுது."

"எனக்கு மட்டும் என்னவாம்? பின்சீட் எனக்குன்னு எப்பவோ சொல்லியாச்சு. ஒரு டீயைக் குடிச்சிட்டு ஓட்டுடா."

"சரி, ஓட்டித் தொலைக்கிறேன். வேகம் பாரு. ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

நாலு விழுந்ததும் மூன்று பேர் கையும் ஒன்றாக இறங்கியது. பாழாய்ப்போன பழக்கம்! பாடகனின் வாயும் திறந்துகொண்டது. ஆறு வாரமாகச் சேராத தாளம் அன்றைக்கென்று பிசகில்லாமல் சேர்ந்தது. முதல் வரியைப் பாடி முடித்த பிறகுதான் அவனுக்குத் தங்கையின் முகம் கண்ணில் பட்டது. ஒருவர்பின் ஒருவராகக் கையை எடுத்தார்கள்.

அவள் அழவில்லை. அண்ணன் பக்கம் திரும்பவுமில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"குண்டூசி, அதை மறுபடி போடு" என்றாள். "அவர் கேட்டாரே, அதை மட்டும்."