டொமாவுக்கு ஒருமை இல்லை

அகிலாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவள் உண்டாக்கிய மொழிக்கு நாலு மணிக்கு வாழ்வா சாவா. சொந்தமாக மொழி செய்து விளையாடும் பைத்தியங்களின் இணையக் குழு அது, தலைவி கிரேஸ். ஆளுக்கொரு பெயர்ச்சொல்லை எடுத்து அதன் பிறப்பையும் இலக்கணத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: செய்தவர் அல்லாத இன்னொரு வாய் அந்தச் சொல்லைத் தானாகச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் குழுவின் அகராதியில் இடமில்லை.

அந்த இன்னொரு வாய்க்குத்தான் பஞ்சம். ஒரு மாதமாக வீட்டில் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "இருக்கிற தமிழே எனுக்குப் போதும்மா" என்று அப்பா மாணிக்கவாசகம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அம்மா கலாவதி சிரித்ததோடு சரி.

மணி நாலானது. குழு காணொளியில் கூடியது. பெற்றோர் நெய்துகொண்டிருந்த தறிக்குப் பக்கத்திலேயே கைபேசியை நிறுத்திவைத்து, மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள்.

"சொல்லு பேரு டொமா. எங்க தறி போடுற டொம் சத்தத்துல பொறந்துச்சு. உடலு வேற நூலு, கரை வேற நூலுன்னு கோத்து நெய்யிற கோர்வைப் பொடவைய ஒத்த ஆளா நெய்ய முடியாது. அப்பா உடலுக்கு நூல் சுத்துன நாடாவ வுடுவாரு, அந்தாண்ட அம்மா கரைக்கு வுடுவாங்க. பாக்காம, பேசாம, ரெண்டு பேரு கையும் ஒண்ணா போவும் பாருங்க, அதான் டொமா. இதுக்கு ஒருமையே கெடையாது. 'என் டொமா'ன்னு சொல்லக்கூடாது, 'நம்ம டொமா'தான். ஒருத்தருக்கு மட்டும் வராது, ஒருத்தருக்கு மட்டும் போவாது!"

"சூப்பர்பா!" என்றாள் கிரேஸ். "சரி, உன்னத் தவிர வேற யாரு சொன்னாங்க?"

அகிலா தறிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாமா? மனசு வரவில்லை. "யாருமே..." என்று இழுத்தாள்.

மகளின் முகம் வாடியதைப் பார்த்த கலாவதி, கணவர் காலடி மிதிக்கட்டையை மாற்றி மிதிக்குமுன் கரை நாடாவை விட்டுவிட்டாள். இழை மாறிப்போனது. தறி நின்றது.

"இன்னா கலாவதி, உனுக்கு டொமா போச்சா?" என்று எரிந்து விழுந்தார் மாணிக்கவாசகம்.

"எனுக்கு மட்டும் எப்பிடிங்க போவும்? நமக்குத்தான் போச்சு! பொண்ணு இப்பத்தான சொல்லிக்கினு இருந்தா, காதுல வுழலியா?"

கைபேசிக்குள் கிரேஸ் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அகிலா குதித்த குதியில் கைபேசியே சரிந்து விழுந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மாறிய இழையைப் பிரிக்கக் குனிந்தவர் மகளைப் பார்த்து அதட்டினார்.

"சும்மா நில்லும்மா! எங்க டொமா திரும்பி வரணும்ல?"