பட்டியலில் இடமில்லாமல் போன படம்

மருந்துக்கடைக்காரர் வீட்டில் முதல் போர்ப்படத்தைப் போட்ட அன்று, தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே மூன்று வாளி மணல் சேர்ந்தது. பாலைவனத்தில் நடக்கும் படம். இரண்டே கால் மணி நேரம். முடிந்தபோது மணல் சோபாவின் கால் வரை வந்திருந்தது. சலித்து எடுத்தது போல மெல்லியதாக, வெளிறிய நிறத்தில் இருந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி அதை முறத்தில் அள்ளிக் கொல்லையில் கொட்டினார். படத்தைச் சிபாரிசு செய்தவரிடம் மறுநாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாப் படமும் இப்படிக் குப்பை போடுமா, இல்ல இது மட்டுமா?"

சிபாரிசு செய்தவர் குடிநீர் வாரியத்தில் எழுத்தர். ஆனால் அந்த வட்டாரத்தில் அவரைப் பட்டியல்காரர் என்றுதான் சொல்வார்கள். டிவிடி மலிந்து, வீட்டுக்கு வீடு கண்ணாடி அலமாரி வாங்கிய காலம் அது. அலமாரி வாங்கியவர்களுக்கு அதில் எதை அடுக்குவதென்று தெரியவில்லை. சிரிப்புப் படத்தையும் குடும்பப் படத்தையும் அவரவரே தேர்ந்துகொண்டார்கள். போர்ப்படம் என்று வந்தால் பட்டியல்காரரைத் தேடி வந்தார்கள். ரத்தான குழாய் இணைப்பு விண்ணப்பங்களின் பின்பக்கத்தில், பென்சிலால், வீட்டுக்கு ஏற்றபடி பன்னிரண்டு படங்கள் எழுதித் தருவார். பதினொன்றும் இல்லை, பதின்மூன்றும் இல்லை. அலமாரி செய்த தச்சர் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பெட்டி என்று கணக்காக அறுத்திருந்தார். போருக்கு ஒரு வரிசைதான்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி கேட்ட கேள்வியைப் பட்டியல்காரர் அலட்சியம் செய்யவில்லை. தன் வீட்டுக் கூடத்தில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, எல்லாப் படங்களையும் மறுபடி பார்த்து, எது எதை விட்டுச் செல்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தார். பனிப்பிரதேசப் படங்கள் ஒவ்வொன்றும் இரண்டு வாளி குளிர்ந்த நீர் தந்தன. முற்றுகைப் படங்களில் கரி படிந்தது. குதிரைப்படை வரும் படத்தில் நல்ல சாணம் கிடைத்தது. கடற்போர்ப் படங்களைச் சாக்கடை வசதி இல்லாத அறையில் பார்க்க வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதினார். எல்லாவற்றிலும் தோட்டா உறைகள் உதிர்ந்தன. அதன் பிறகு மக்கள் கேட்கும் விதமே மாறிவிட்டது. கொத்தனார் பூச்சு வேலைக்கென்று நாலு பாலைவனப் படம் வாங்கினார். ரோஜாச்செடி வளர்த்த ஓய்வுபெற்ற நீதிமன்றப் பணியாளர் குதிரைப்படையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. "கதை எப்படி சார்?" என்று யாரோ கேட்டதற்கு, "கதை யாருக்கு வேணும், செடி பூக்குதே" என்றார். ரத்தம் மட்டும் எந்தப் படத்திலிருந்தும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. சிந்தியிருந்தால் நான் பட்டியலே எழுதியிருக்க மாட்டேன் என்று பட்டியல்காரர் பிற்காலத்தில் பலரிடம் சொன்னார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதின்மூன்றாவதாக ஒரு படம் இருந்தது. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு ஒரு பெண் வீட்டில் காத்திருக்கிறாள். ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், அடுப்பில் ஒரு பாத்திரம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. முக்கால் மணி நேரத்தில் அதை நிறுத்திவிட்டார். பார்த்த வரை தரையில் எதுவும் விழவில்லை. படத்தின் பெயருக்கு எதிரே ஒரே சொல் எழுதினார்: இழுவை.

அவருடைய அக்கா மூன்று தெரு தள்ளி இருந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. விடியுமுன் போய்ப் பன்னிரண்டு மணிக்கு வெளியே வருவார். கணவர் இல்லை, ஒரே மகன். அவன் தன் பத்தொன்பதாவது வயதில் மாமாவிடம் பட்டியல் கேட்டான். பட்டியல்காரர் யாருக்கும் அவ்வளவு சிரத்தையாக எழுதித் தந்ததில்லை. கொடி ஏறுகிற படங்கள், நண்பனைத் தோளில் சுமந்து வருகிற படங்கள், பின்னணி இசையே ஆளைத் தூக்கி நிறுத்துகிற படங்கள் என்று பொறுக்கியெடுத்தார். பையன் வாரம் ஒன்றாகப் பார்த்தான். உதிர்ந்த தோட்டா உறைகளைத் துடைத்து பிஸ்கட் டப்பாவில் சேர்த்தான். பன்னிரண்டாவது வாரம் குடிநீர் வாரிய அலுவலகத்துக்கே வந்து, "மாமா, பட்டியல் முடிஞ்சுது. இனிமே நேர்லதான் பாக்கணும்" என்றான். பட்டியல்காரர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார். மறுநாள் பையன் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டான். கிளம்பும்போது அம்மாவிடம், "ஏதாவது ஒரு மத்தியானம் வந்து நிப்பேம்மா. சாப்பாடு எடுத்து வச்சிரு" என்று சொல்லிப்போனான்.

நான்கு கடிதங்கள் வந்தன. ஐந்தாவதாக வந்தது ஒரு படிவம். அக்கா அதைத் தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இருபது வருடம் படிவங்களோடு புழங்கியவருக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நொடி போதுமாயிருந்தது. மூன்று கட்டங்கள்: இறப்பு, சிறைப்பிடிப்பு, காணவில்லை. மூன்றாவதில் யாரோ அவசரமாக ஒரு கோடு கிழித்திருந்தார்கள். அது இரண்டாவது கட்டத்தின் ஓரத்தையும் தொட்டது. அந்த ஓரத்தை அக்கா விரலால் பலமுறை தடவிப் பார்த்தார்.

அதிலிருந்து ஆறு வருடம் அவர் மத்தியானங்களில் காத்திருந்தார். தொழிற்சாலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்து, வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்காருவார். எதிரே மூன்று மாடி குளிர்பதனக் கிடங்கு இருந்ததால் நாலேகால் மணிக்கெல்லாம் அந்த வாசற்படியில் வெயில் போய்விடும். வெயில் போனதும், "இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார். யாரைப் பற்றியும் அவருக்குப் புகார் இல்லை, மத்தியானம் போதவில்லை என்பதைத் தவிர. பட்டியல்காரர் மாதம் ஒருமுறை வந்து, மளிகைப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, வேலையிருக்கிறது என்று சொல்லிப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பன்னிரண்டு பெட்டிகளும் உள்ளே அலமாரியில் அப்படியே இருந்தன.

ஏழாவது வருடம் அக்கா தம்பியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "ஊருக்கெல்லாம் படம் சொல்றியே, எனக்கு ஒண்ணு சொல்லுடா. போருக்குப் போனவங்களப் பத்தி வேணாம். வீட்ல இருந்தவங்களப் பத்தி யாரும் எடுக்கலையா?"

"ஒண்ணு இருக்குக்கா" என்றார் பட்டியல்காரர். அதைத் தேடி வாங்க ஒரு நாள் போதும். அதை எடுத்துக்கொண்டு மூன்று தெருக்களைக் கடக்க அவருக்கு இன்னும் பத்து நாள் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் படத்தைப் போட்டார்கள். அக்கா வாசலுக்கும் திரைக்கும் நடுவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இந்த முறை பட்டியல்காரரும் கடைசிவரை பார்த்தார். படத்தில் வரும் பெண் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். ஜன்னலைத் துடைத்தாள். மகன் வந்தானா என்று படம் சொல்லவில்லை. முடிந்ததும் அக்கா குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவினார். மணல் இல்லை, கரி இல்லை, ஈரம் இல்லை.

"இத ஏன்டா அவனுக்குச் சொல்லல?"

ஏழு வருடமாகப் பட்டியல்காரர் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் நிறைய. ஒரு வரிசைக்குப் பன்னிரண்டுதான் என்பதும் அவற்றில் ஒன்று. ஆனால் வாயில் வந்தது உண்மைதான். "இழுவைன்னு நினைச்சேன்க்கா. முழுசாக்கூடப் பாக்கல."

அக்கா உள்ளே போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். "இழுவைதான்" என்றார் கடைசியில். "இப்படித்தான்டா இருக்கு."

பட்டியல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்ப எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு. தெருவில் கிடங்கின் நிழல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை படுத்திருந்தது. அக்காவின் வாசற்படியில் மட்டும் வெயில் இருந்தது. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அது போய்விட்டது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: நாலேகாலுக்கு மேல் ஒரு மணி ஐம்பது நிமிடம், படத்தின் நீளம். பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து, இழுவை என்பதை அடித்துவிட்டு, எதை விட்டுச் செல்கிறது என்ற இடத்தில் "மத்தியானம்" என்று எழுதினார்.

மறுநாள் அக்கா இரண்டு முறை போட்டார். அடுத்த வாரத்தில் மூன்று முறை. மழைக்காலம் தொடங்குமுன் அந்த வாசலில் வெயில் போவதே நின்றுவிட்டது. முதலில் தெருவில் கொஞ்சம் பேச்சு இருந்தது, பிறகு பழகிவிட்டது. மருந்துக்கடைக்காரரின் மனைவி தலையணைகளை அங்கே கொண்டுவந்து காயப்போட்டார். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் நுணுக்கமான வேலைகளைச் சாயந்திரத்துக்கு ஒதுக்கி, அந்தப் படியில் உட்கார்ந்து முடித்தார். குடிநீர் மீட்டர் பார்க்க வருபவர் அந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். எப்போது போனாலும் எண் தெரியும். அக்கா விடியுமுன் வேலைக்குப் போகும்போது வெயிலிலிருந்து ஓரடி எடுத்து இருட்டில் வைத்தார்.

பட்டியல்காரர் தச்சரிடம் போய் வரிசையைப் பதின்மூன்றுக்கு அகலப்படுத்தச் சொன்னார். "இத்தனை வருஷம் கழிச்சா சொல்லுவீங்க?" என்றார் தச்சர். அதற்குப் பிறகு எழுதிய எல்லாப் பட்டியலிலும் அந்தப் படம்தான் முதல். வாங்கிப்போனவர்கள் அநேகமாக முக்கால் மணி நேரத்தில் நிறுத்தினார்கள், படம் இழுவை சார் என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. கடைசிவரை பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நாளாக ஆகப் பட்டியல் கேட்டு வருபவர்கள் குறைந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர் மளிகைப் பையை உள்ளே கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார்.

இப்போது அந்தக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள். மூடி வைத்த தட்டில் சாப்பாடு சூடாகவே இருக்கிறது. ஆறுவதற்கான நேரம் வரவில்லை. தெருவில் காலடி கேட்டால் இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "இன்னிக்கு இல்ல" என்று அக்கா சொல்லிப் பல வருடம் ஆகிறது. மற்ற வீடுகளில் விளக்கேற்றிச் சாப்பிட்டு முடித்த பிறகு பட்டியல்காரர் எழுந்து, "நேரமாச்சுக்கா, வரேன்" என்கிறார். அக்கா வாசற்படியைப் பார்க்கிறார்.

"எங்க ஆச்சு? வெயில் அப்படியே கெடக்கு. உக்காருடா."

அவர் உட்காருகிறார்.