படத்துக்குக் கீழே ஒரு வரி

அக்காவின் கணவர் எலும்பு மருத்துவர். விரல் முறிவு பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு நான் படம் வரைந்தேன். மருத்துவ நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். மூட்டு, தசைநார், கட்டுப் போடும் முறை. மாதிரிக்கு அக்காவை உட்காரவைத்தேன். மேசையில் கையை வைத்தால் அசைக்க மாட்டாள்.

கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்தது. இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒரு முக்கிய நிபந்தனை: ஆக்கியவர் பெயர் கூடவே போக வேண்டும். விட்டால் அனுமதி போய்விடும். இதழில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே என் பெயர் இருந்தது.

பிறகு அத்தான் அதைப் பாடப்புத்தகமாக விரித்தார். படங்கள் அப்படியே இருந்தன. என் பெயர் இல்லை.

புத்தகம் அச்சாகிப் பெட்டி பெட்டியாக அவர் வீட்டில் இறங்கிய அன்று போனேன்.

"அத்தான், என் பேர் எங்க?"

"அது ஓப்பன் லைசன்ஸ்மா. யார் வேணா எடுத்துக்கலாம்."

"பேர் போட்டு எடுத்துக்கலாம்."

"படம் போட்டவங்க பேரெல்லாம் எதுக்கு? கல்யாண ஆல்பத்துல போட்டோ எடுத்தவன் பேரா போடறாங்க?"

"போடுவாங்க அத்தான். உங்க ஆல்பத்துல உங்க பேரவிடப் பெருசா இருக்கு."

சமையலறையில் அக்கா சிரித்தாள். அத்தான் முகம் சுண்டிப்போனது.

"வீட்டுக்குள்ளயே சட்டம் பேசறியா?"

கட்டுரை வந்த மாலை இதே கூடத்தில் அவர் நண்பர்கள் இருந்தார்கள். "இது என் மச்சினி. சும்மா கிறுக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். பயந்த மனிதர். பெயர் இல்லாமல் ஒரு பிரதிகூட வெளியே போகாது என்றார். வெளியீட்டு விழா சனிக்கிழமை. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. பெயரை ஸ்டிக்கராக அடித்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டலாம்.

"என் ஸ்டூடன்ட்ஸ வெச்சு ஒட்டிடறேன்" என்றார் அத்தான்.

"வேணாம். நீங்க ஒட்டுங்க."

"அது எந்த லைசன்ஸ்ல இருக்கு?"

"எதுலயும் இல்ல. இது நான் சொல்றது. உங்க காலேஜ் முதல்வர்தானே புத்தகத்த வெளியிடறாரு? அவர்கிட்ட கேக்கட்டுமா?"

வெள்ளிக்கிழமை காலையே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். அறுவைக் கத்தி பிடிக்கும் விரல்களில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நான் பின்னால் நின்றேன்.

"கோணலா இருக்கு அத்தான்."

உரித்து மறுபடி ஒட்டினார்.

அக்கா காபியோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். "நீ தொடாத" என்றேன்.

"ஏன்டி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே இவர் உனக்குப் பக்கங்கள அனுப்பினாரே, கலர் சரியா இருக்கான்னு பாக்க. அப்ப பேர் இல்லாதத கவனிக்கலயா?"

"கவனிச்சேன்."

அத்தான் நிமிர்ந்தார்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வரி சேர்ப்பதோடு முடிந்திருக்கும். கலர் பிரமாதம் என்று மட்டும் பதில் போட்டேன்.

"ராட்சசி" என்றார்.

"சும்மா கிறுக்கற ராட்சசி."

அக்கா ஒரு பிரதியை இழுத்துப் புரட்டினாள். மேல் மூட்டில் உள்பக்கம் வளைந்த சுண்டுவிரல் படம் ஒன்றில் நின்றாள். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே வளைவு.

"இந்தக் கை யாரோடது?"

நான் ஸ்டிக்கர் தாளைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கை மரத்துப்போக உக்காந்தேன். இதழ்லயும் என் பேர் இல்ல, புத்தகத்துலயும் இல்ல. ரெண்டு பேருக்கும் தோணலல்ல?"

"அக்கா, லைசன்ஸ்படி மாடலுக்கு..."

"லைசன்ஸ நீயே வெச்சுக்க. இது நான் சொல்றது."

அத்தான் முதல்முறையாகச் சிரித்தார். அக்கா அவரைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டார்.

மதியத்துக்குள் பதிப்பாளர் இன்னொரு கட்டு ஸ்டிக்கர் அனுப்பினார். அத்தானுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் என் பெயரை ஒட்டித் தள்ளினார். நான் அதற்குக் கீழே அக்கா பெயரை ஒட்டினேன். அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"கோணலா இருக்குடி."

உரித்தேன்.